காலணி, தோல் பொருள் டிசைன் செய்பவர்களுக்கு: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு, பிறகு வேலூர் மாவட்டம், 2019-லிருந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்கள். எல்லை எப்படி மாறினாலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் தோலையும் காலணியையும் நம்பிப் பிழைக்கும் ஊர்கள். இங்கே ஷூ, செருப்பு, பை டிசைன் செய்வதுதான் என் வேலை. டிசைன் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளும், சின்ன யூனிட் நடத்துபவர்களும் தோல் தொழிலின் மாசையும் வீணாவதையும் குறைக்க டிசைனர் என்ன செய்யலாம் என்று திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதில் இல்லை. டிசைனர் கையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு விரிவாக எழுதியிருக்கிறேன்.

மாசு செய்வது தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை). அதில் டிசைனருக்கு என்ன பங்கு?

நிறைய. தோலின் கனம், நிறம், மேல்பூச்சு, எவ்வளவு வடு இருக்கலாம், ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடி போகும் எல்லாமே நாம் போடும் ஸ்பெக் ஷீட்டில்தான் (தோல் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதித் தரும் தாள்) முடிவாகின்றன. தோல் ஷாப்பில் தோலைப் போட்டுப் பதனிடும் டிரம் சுற்றுவது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

கணக்கைப் பாருங்கள். உப்பிட்ட பச்சைத் தோல் ஒரு டன் உள்ளே போனால், பதனிட்ட தோலாக வெளியே வருவது 200 முதல் 250 கிலோ வரைதான். மீதியெல்லாம் சவ்வு, கொழுப்பு, ரோமம், ஓரத்துண்டு, கனத்தைச் சீராக்கச் சீவும்போது விழும் ஷேவிங் தூள், சேறு. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், குரோம் பதனிடுதலில் (குரோமிய உப்பால் பதனிடுவது) 170 வகை ரசாயனங்கள் புழங்குகின்றன என்றும் உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. இத்தனையையும் கடந்துதான் அந்தத் தோல் நம் கட்டிங் மேசைக்கு வருகிறது. அங்கே நாம் கால் சதுர அடியை வீணாக்கினால் அதற்குச் செலவான தண்ணீரும் உப்பும் குரோமும் சேர்ந்தே வீணாகின்றன. சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த இழப்பை அதனால் திருப்பித் தர முடியாது. அதைத் தடுக்க முடிந்தவர் பேட்டர்ன் (துண்டுகளை வெட்டுவதற்கான அளவு வடிவம்) போடுகிறவர்தான்.

இந்த வட்டாரத்தில் என்ன நடந்தது? வெளியூரிலிருந்து வருகிறேன், சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பல பத்தாண்டுகளாகத் தோல் கழிவுநீர் பாலாற்றிலும் ஏரிகளிலும் வயல்களிலும் இறங்கியது. கிணற்று நீர் உப்பானது, நிலம் தரிசானது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வு சொன்னது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும், தீங்கு வருமுன்னே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அறிவித்தது அந்தத் தீர்ப்புதான். இன்று நாடு முழுவதும் சூழல் வழக்குகளில் அதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

அப்புறம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறை வந்தது. ஆனாலும் பாடு தீரவில்லை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும், அந்தத் தொகையை மாசு செய்தவர்களிடம் வசூலிக்கவும், கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

இங்கே ஸ்கெட்ச் போடும் யாரும் இதைத் தெரியாமல் இருக்கக் கூடாது. நாம் வரையும் ஷூவுக்கான தோல் இந்த மண்ணில்தான் நனைகிறது.

எதில் தொடங்குவது?

கட்டிங்கில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கருவி வாங்க வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம், பலன் அந்த வாரமே தெரியும்.

தோல் துணியைப் போல ஒரே அகலத்தில் சுருளாக வருவதில்லை. முதுகுப் பக்கம் இறுக்கமாகவும் சீராகவும் இருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடும், கழுத்தில் சுருக்கம் விழும். ஒவ்வொரு தோலுக்கும் வடு வேறு, இழுவை வேறு. வேம்ப் என்கிற முன்பாகம் நல்ல இடத்திலிருந்துதான் வெட்டப்பட வேண்டும். நாக்கு, உள் குவார்ட்டர் (பக்கவாட்டுத் துண்டு), பின் பட்டை போன்றவை வயிற்றுப் பக்கத்தைத் தாங்கும். இது கட்டிங் மாஸ்டர்களுக்கு அத்துப்படி. டிசைனர்களில் பலர் கணினித் திரையிலேயே ஷூவை முடித்துவிடுவதால் இதைப் பார்ப்பதே இல்லை.

மாட்டுத் தோலில் கால்வாசிவரை கட்டிங்கில் வீணாவது சாதாரணமாக நடக்கிறது. இதைக் குறைக்க நான் முதலில் பார்ப்பது துண்டுகளின் ஓர வளைவு. ஒரு குவார்ட்டரின் குழிந்த பக்கத்தில் இன்னொன்றின் புடைத்த பக்கம் போய் உட்காருகிறதா? பல நேரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாற்றினாலே உட்கார்ந்துவிடும். கால் மாட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த மாற்றம் தெரியவே தெரியாது.

அடுத்தது துண்டின் அளவு. ஒரே துண்டாக முழு அப்பரையும் (ஷூவின் மேல்பாகம்) வெட்டும் ஷூ பார்க்க அழகு. ஆனால் அவ்வளவு பெரிய பழுதில்லாத இடத்தைத் தேடித் தேடிச் சுற்றியுள்ளதெல்லாம் கழிவாகும். அதையே மூன்று துண்டாகப் பிரித்தால் தோல் மிச்சம். ஆனால் தையல் கூடும், நேரம் கூடும். எந்த இடத்தில் பிரிப்பது என்பதில்தான் டிசைன் திறமை இருக்கிறது. கால் மடங்கும் கோட்டில் தையல் வந்தால் சீக்கிரம் விட்டுப்போகும், அங்கே மட்டும் வேண்டாம்.

ஒரு உதாரணக் கணக்கு. ஜோடிக்கு இரண்டரை சதுர அடி போகும் ஷூவில் 10,000 ஜோடி ஆர்டர் என்றால் 25,000 சதுர அடி தோல். பேட்டர்னைச் சீர் செய்து நூற்றுக்கு நான்கு மிச்சம் பிடித்தால் 1,000 சதுர அடி. நம்மூர் மாட்டுத் தோல் ஒன்று 20 முதல் 25 சதுர அடி என்று வைத்தால் 40, 50 முழுத் தோல்கள். அத்தனை தோலை ஊறவைக்கவும் சுண்ணாம்பு போடவும் குரோம் ஏற்றவும் வேண்டியதில்லை.

செய்முறை எளிது. சாம்பிளை பையருக்கு (ஆர்டர் கொடுத்து வாங்குபவருக்கு) அனுப்பும் முன் அட்டைப் பேட்டர்னை எடுத்துக்கொண்டு கட்டிங் ஹாலுக்குப் போங்கள். ஒரு நிஜத் தோலை விரித்து, கட்டிங் மாஸ்டரிடமே அடுக்கித் தரச் சொல்லுங்கள். “இந்த முனை மட்டும் இல்லாவிட்டால் இன்னொரு ஜோடி வரும் சார்” என்பார். அந்த முனையை எடுத்துவிடுங்கள். டை (தோலை வெட்டும் அச்சு) அடித்த பிறகு போய்க் கேட்டால் மாற்றுவதற்குச் செலவாகும், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வடு இருக்கும் தோலை என்ன செய்வது? பையர் ஒத்துக்கொள்வதில்லையே.

நம் நாட்டு மாடுகளின் தோலில் உண்ணிக் கடி, சூட்டுத் தழும்பு, முள்கீறல், தார்க்குச்சி வடு எல்லாம் இருக்கும். வடு தெரியக் கூடாது என்றால் தோலின் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்து, மேலே கனமான பிளாஸ்டிக் பூச்சு போட்டு, செயற்கையாகப் புள்ளி அச்சடிப்பார்கள். தேய்த்த தூள் ஒரு கழிவு, பூச்சு இன்னொரு ரசாயனம். அப்படிச் செய்த தோல் பழகப் பழக மெருகேறாது, விரிசல் விடும்.

டிசைனர் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, டிரையாக டிரம்மில் உருட்டிச் சுருக்கம் வரவழைத்த தோல், மேற்பரப்பில் ஆழமான கிரெய்ன் (புள்ளியும் வரியும்) உள்ள தோல் போன்றவற்றை வைத்து டிசைன் செய்வது. சின்ன வடு அதில் கரைந்துவிடும். மற்றொன்று, ஸ்பெக் ஷீட்டில் ‘பழுதில்லாத தோல்’ என்று ஒரே வரியாக எழுதாமல், ஷூவைப் படமாகப் போட்டு, எந்தப் பகுதியில் வடுவே கூடாது, எந்தப் பகுதியில் ஆறிய வடு இருக்கலாம், எது மறைந்து போகும் பகுதி என்று மூன்றாகக் குறித்துக் கொடுப்பது. இப்படிக் குறித்துக் கொடுத்தால் தரப் பரிசோதகருக்கும் சண்டை மிச்சம். வாயால் சொன்னால் கேட்காத பையர்கள்கூட, வடு உள்ள ஜோடியையும் இல்லாத ஜோடியையும் விலையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் கேட்கிறார்கள்.

குரோம் தோலை விட்டுவிட்டு ஆவாரம் பட்டைத் தோலுக்கே போய்விட்டால் என்ன?

ஆசை நியாயமானது. ஆவாரம் பட்டை, கடுக்காய் வைத்துப் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய வேலை. ஈஸ்ட் இந்தியா லெதர் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது, புவிசார் குறியீடும் பெற்றது. பெல்ட், பை, இன்சோல், செருப்புப் பட்டை போன்றவற்றுக்கு அதைவிட நல்ல தோல் இல்லை என்பேன். ஓரத்தைத் தீட்டிப் பளபளப்பாக்கலாம், லைனிங் இல்லாமலே விடலாம், பழகப் பழக நிறம் ஏறும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. மென்மையான ஷூ அப்பரை லாஸ்டில் (கால் வடிவ அச்சு) சூடாக்கி இழுக்கும்போது பட்டைத் தோல் குரோம் தோல் அளவுக்குத் தாங்குவதில்லை. பதனிட நாளும் அதிகம். அதன் கழிவுநீரில் குரோம் இல்லாவிட்டாலும் கரிமப் பொருள் அதிகம், சுத்திகரிக்காமல் விட்டால் அதுவும் நீர்நிலையைக் கெடுக்கும். ஆக, பட்டைத் தோல் என்றதும் பசுமை என்று முத்திரை குத்திவிட முடியாது.

குரோமிலும் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோய் தரும் ஆபத்தான வகை ஆறு இணைதிறன் கொண்டது. தவறான கொழுப்பு எண்ணெய், அதிகக் காரத்தன்மை, வெப்பம் போன்றவற்றால் முதல் வகை தோலுக்குள்ளேயே இரண்டாவதாக மாறக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல் தோல் பொருளில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது. வழக்கமான முறையில் டிரம்மில் போட்ட குரோமில் 60 முதல் 70 சதவீதம்தான் தோலில் ஏறுகிறது, மீதி தண்ணீரோடு போகிறது. அதிகம் ஏற்றும் முறைகளும், மிச்சக் குரோமைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தும் முறைகளும் உண்டு. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீர் சேர்க்காமலே குரோம் ஏற்றும் முறையை உருவாக்கியிருக்கிறது.

எனவே தோல் ஷாப்பில் “குரோமா, குரோம் இல்லாததா” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். போட்ட குரோமில் எவ்வளவு ஏறுகிறது, மிச்சத்தை மீட்கிறீர்களா, ஷேவிங் தூள் எங்கே போகிறது என்று கேளுங்கள். டிசைனர் கேட்டால் முதலில் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். தொடர்ந்து கேட்டால் பதில் வைத்திருக்கப் பழகிவிடுவார்கள்.

பாலாற்றுப் படுகையில் உப்புதான் பெரிய பிரச்சினை என்கிறார்களே?

உண்மை. தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பு போடுகிறார்கள். முதல் ஊறலிலேயே அது தண்ணீருக்கு வந்துவிடும். அமிலத்தில் ஊறவைக்கும் கட்டத்தில் மறுபடி உப்பு. சாதாரணச் சுத்திகரிப்பில் உப்பு போகாது. நுண்துளை வடிகட்டிச் சவ்வு (மெம்பிரேன்) வழியாக வடித்து, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால் நல்ல தண்ணீர் ஒருபுறம், கலப்பட உப்பு மறுபுறம். அந்த உப்பை யாரும் வாங்குவதில்லை, மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கி வைக்கிறார்கள். கொதிக்கவைக்க விறகோ மின்சாரமோ வேறு.

இதில் டிசைனர் கை நேரடியாக எட்டாது. ஊறவைக்கும் முன் தோலை உதறி உப்பை எடுக்கும் ஷாப்பிடம் தோல் வாங்கலாம். அதற்கு மேல், வாங்கிய தோலை வீணாக்காமல் இருப்பதுதான் நம் பங்கு.

நிறத்தில் என்ன செய்யலாம்?

ஒரு சீசனுக்கு எத்தனை நிறம் என்பதை டிசைனர்தான் வைக்கிறார். பன்னிரண்டு நிறம் வைத்தால் பன்னிரண்டு சின்னச் சின்ன லாட். ஒவ்வொரு நிறத்துக்கும் இடையில் டிரம் கழுவ வேண்டும், ஒவ்வொன்றிலும் மிச்சத் தோல் தங்கும். கிரஸ்ட்டுக்கு (மேல்பூச்சு போடாத பதனிட்ட தோல்) ஒரே அடிநிறத்தில் சாயம் போட்டுவிட்டு, மேல் ஃபினிஷில் மட்டும் இரண்டு மூன்று சாயலாகப் பிரித்தால் டிரம்மில் ஒரே ஓட்டம் போதும். பழுப்புக் குடும்பத்தில் இது நன்றாக வரும்.

கன்னங்கரிய கறுப்பும் தூய வெள்ளையும்தான் மிகக் கடினமானவை. ஒன்றுக்குச் சாயம் அள்ளிக் கொட்ட வேண்டும், மற்றதுக்குப் பூச்சு. இரண்டையும் விட்டுவிடச் சொல்லவில்லை, கறுப்பு ஷூ விற்கத்தான் செய்யும். ஆனால் பையர் கேட்காமலே எல்லா மாடலிலும் இரண்டையும் சேர்க்கும் பழக்கம் வேண்டாம்.

பசை, சோல் பற்றி?

இங்கே உருவாகும் ஷூக்களில் பெரும்பாலானவை பசை போட்டு ஒட்டிய சோல். கரைப்பான் கலந்த பசையின் நெடி நாள் முழுக்க அந்த வரிசையில் நிற்பவர் மூச்சில்தான் போகிறது. தண்ணீரில் கரைந்த பசைகள் இருக்கின்றன. அவை காய அதிகச் சூடும் நேரமும் வேண்டும், எல்லா சோலிலும் பிடிக்காது. அதனால் சோல் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே பசையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சோலை முடிவு செய்துவிட்டு, “ஏதாவது பசையில் ஒட்டுங்கள்” என்று அனுப்பினால் ஃபாக்டரி கைக்குக் கிடைத்ததைத்தான் போடும். தைத்து இணைக்கும் முறைகளும் உண்டு. பசை அறவே வேண்டாம் என்று ஆகாது, ஆனால் வெகுவாகக் குறையும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சில வகை பாலியூரிதேன் சோல்கள் ஈரக்காற்றில் வருடக்கணக்கில் இருந்தால், போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் உதிர்ந்துவிடும். மேல்தோல் பத்து வருடம் உழைக்கும், சோல் நாலு வருடத்தில் பொடியாகும். அப்படி ஒரு ஷூவைச் செய்வது அந்தத் தோலுக்குச் செய்யும் அநியாயம். கிடங்கிலும் கடையிலும் நாள்கணக்கில் கிடக்கப்போகும் மாடலுக்கு ரப்பர் சோல் வையுங்கள், அல்லது நீரால் சிதையாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பழுது பார்க்கக்கூடிய ஷூ என்றால் எப்படி டிசைன் செய்வது?

சாம்பிள் வந்ததும் ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். “சோல் மாற்ற முடியுமாண்ணா, இந்தப் பட்டை அறுந்தால் தைப்பீங்களா?” என்று கேளுங்கள். அவருடைய நேரத்துக்குக் காசு கொடுங்கள். எந்த இடத்தில் ஊசி போகாது, எந்த இடத்தில் நுரையும் அட்டையும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் பிரிக்கவே முடியாது என்று நிமிடத்தில் சொல்லிவிடுவார். எந்த ஆய்வகச் சோதனையும் இதைச் சொல்லாது.

தையலுக்கு ஓரத்தில் இரண்டாம் முறை தைக்க இடம் விடுவது, அறுந்துபோகும் பட்டையைத் தனித்துண்டாக வைப்பது, பக்கிளை ரிவெட் அடிக்காமல் மடித்துத் தைப்பது, இன்சோலை ஒட்டாமல் எடுத்துப் போடும்படி விடுவது எல்லாம் சின்ன விஷயங்கள். விலை அதிகம் ஏறாது. தோலும் துணியும் நுரையும் உலோகமும் ஒன்றாக ஒட்டிப்போன ஷூவை முடிவில் யாராலும் பிரிக்க முடியாது, குப்பை மேடுதான். எத்தனை வகைப் பொருள் என்பதைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது.

தோலே வேண்டாம், செயற்கைத் தோலுக்கு மாறினால் நல்லதா?

கடையில் ‘வீகன் லெதர்’ என்று வருவதில் பெரும்பகுதி துணிமேல் பிளாஸ்டிக் பூசியது. தாவரக் கழிவிலிருந்து செய்ததாகச் சொல்லும் பலவற்றிலும் பிணைப்புக்குப் பாலியூரிதேன் இருக்கிறது. அதற்கு இங்கே கிணறு உப்பாகாது, உண்மை. ஆனால் மூலப்பொருள் கச்சா எண்ணெய், மேல்பூச்சு உரிந்தால் தைத்துச் சரிசெய்ய முடியாது, மக்காது. தோல் பக்கம் மாடு வெளிவிடும் மீத்தேன் கணக்கும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எந்தப் பொருளை எடுத்தாலும் அது எத்தனை வருடம் காலில் இருக்கப்போகிறது என்று முதலில் கேளுங்கள். ஒரே வருடம் போடும் ஃபேஷன் செருப்புக்கு நல்ல தோலை வெட்டுவதும் வீண், பத்து வருட பைக்கு உரியும் பிளாஸ்டிக் போடுவதும் வீண்.

எங்களுடையது சின்ன யூனிட். பணம் போட முடியாது. என்ன செய்யலாம்?

ஒரு தராசு இருந்தால் போதும். ஒவ்வொரு மாடலுக்கும் கட்டிங்கில் விழும் துண்டுகளைத் தனி மூட்டையில் போட்டு வாரக் கடைசியில் எடை போடுங்கள். உள்ளே போன தோலின் எடையையும் சேர்த்துப் பலகையில் எழுதுங்கள். எந்த மாடல் தோலைத் தின்கிறது என்று தானாகத் தெரிந்துவிடும். அந்த மாடலின் பேட்டர்னை முதலில் திருத்துங்கள்.

துண்டுத் தோலில் சாவிக்கொத்து, பர்ஸ் செய்து விற்கலாமே என்று பலரும் கேட்பார்கள். செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் ஆம்பூரில் ஒரு நாளில் விழும் துண்டுகளுக்குப் போதுமான சாவிக்கொத்து உலகத்தில் தேவையே இல்லை. துண்டு விழாமல் செய்வது முதல் வேலை. விழுந்ததில் பெரியவற்றை அதே ஷூவின் நாக்குக்கோ பின் பட்டைக்கோ திருப்புவது இரண்டாவது. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

டெட் ஸ்டாக்கையும் பாருங்கள். ரத்தான ஆர்டரில் தங்கிய தோல் பல கிடங்குகளில் கிடக்கிறது. கையில் உள்ள தோலைப் பார்த்து அதற்கேற்ப மாடல் போடுவது நல்ல பயிற்சி. 200 ஜோடிக்குத்தான் தோல் வரும் என்றால் 200 ஜோடிதான் என்று சொல்லியே விற்கலாம்.

அப்பர் தைக்கும் பெண்கள் பற்றியும் டிசைனர் யோசிக்க வேண்டுமா?

கட்டாயம். மொக்காசின் வகை ஷூக்களின் முன்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் வீடுகளுக்கே போகிறது. பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாம் தாளில் ‘கனமான தோல், நெருக்கத் தையல்’ என்று எழுதும் ஒரு வரி ஒரு அக்காவின் விரலிலும் தோளிலும் கண்ணிலும் போய் முடிகிறது.

தையல் துளைகளை முன்கூட்டியே டையில் அடித்துக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மடிக்கும் ஓரத்தில் மட்டும் தோலைச் சீவி மெலிதாக்கச் சொல்லுங்கள். தையல் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் அழகு கெடுகிறதா என்று ஒரு ஜோடியில் பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் கெடாது. கறுப்புத் தோலில் கறுப்பு நூல் மங்கிய வெளிச்சத்தில் தைப்பவர் கண்ணைக் கெடுக்கும், சற்றே வெளிறிய நூல் போட்டால் டிசைனாகவும் எடுபடும். கடினமான மாடலுக்கு அதிக நேரம் ஆகும் என்று காஸ்டிங் (செலவுக் கணக்கு) தாளில் எழுதிக் கொடுப்பதும் நம் கடமைதான். எழுதாவிட்டால் அந்த நேரத்தின் கூலி அவர் கையிலிருந்துதான் குறையும்.

சான்றிதழ் இருந்தால் போதாதா?

உதவும், ஆனால் எதற்கான சான்று என்று படியுங்கள். 2005-ல் தொடங்கிய லெதர் வொர்க்கிங் குரூப்பின் மதிப்பீடு தோல் ஷாப்பைப் பற்றியது, நம் ஷூவைப் பற்றியது அல்ல. ஷூவை மோசமாக டிசைன் செய்துவிட்டு நல்ல ஷாப்பின் சான்றிதழை டேகில் தொங்கவிடுவது வாங்குபவரை ஏமாற்றுவது.

சட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய எக்கோடிசைன் விதிமுறை 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விற்காத உடைகளையும் காலணிகளையும் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு 2026 ஜூலை 19 முதல் தடை வருகிறது. அளவுக்கு மீறி ஆர்டர் போட்டு, மிஞ்சியதை எரிக்கும் வழக்கம் அங்கே செல்லாமல் போகிறது. நம் ஏற்றுமதியில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கு என்பதால் இதை டிசைன் மேசையில் இருப்பவர்கள் இப்போதே படித்து வைப்பது நல்லது.

தோல் அல்லாத தொழில்களில்?

குடியாத்தம் லுங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு வேண்டும், நிறம் கருக்கக் கருக்க உப்பும் கூடும். கட்டத்தின் பெரும்பகுதியை வெளிர்நிறத்திலும் கருநிறத்தைக் கோடுகளில் மட்டும் வைத்து வரைந்தால் உப்பும் சாயமும் இறங்கும், கட்டமும் எடுப்பாகத் தெரியும். ஷூ அட்டைப்பெட்டி, உள்ளே திணிக்கும் காகிதம், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் இதே கண்ணோடு பார்க்கலாம். பெட்டியின் அளவை ஒரு சென்டிமீட்டர் குறைத்தாலே ஒரு கன்டெய்னரில் ஏறும் ஜோடிகள் கூடும்.

முதல்முறையாகத் தோல் ஷாப்புக்குப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

காலையிலேயே போங்கள், டிரம் திறக்கும் நேரத்தில். பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், தரை ஈரமாக இருக்கும். உப்பு உதறும் இடத்திலிருந்து தொடங்கி, சுண்ணாம்புத் தொட்டி, சவ்வு சீவும் மெஷின், குரோம் டிரம், நீலத் தோல் அடுக்கு, ஷேவிங், சாயம், ஃபினிஷ் என்று வரிசையாக நடந்து முடியுங்கள். எந்த இடத்திலும் போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். அப்புறம் கழிவு போகும் வழியையும் அதே வரிசையில் நடந்து பாருங்கள்: ஓரத்துண்டு மூட்டை, ஷேவிங் தூள், சேறு காயும் மேடை, உப்பு ஷெட்.

கடைசியாக ஃபோர்மனிடம் உட்கார்ந்து, போன வருடம் வந்த ஆர்டர்களில் எது மிகவும் படுத்தியது, எந்த நிறம் மூன்று தடவை திரும்பி வந்தது, எந்தத் தோலில் பாதி ரிஜெக்ட் ஆனது என்று கேளுங்கள். ஒவ்வொன்றாகச் சொல்வார். நோட்டில் எழுதிக்கொண்டு, ஊருக்குத் திரும்பியதும் அந்த ஆர்டர்களின் ஸ்பெக் ஷீட்டை எடுத்து, எந்த வரியால் அது நடந்தது என்று தேடுங்கள். அடுத்த சீசனில் அந்த வரியை வேறு மாதிரி எழுதி, டிரம்முக்குப் போகும் முன் அதே ஃபோர்மனிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.